ராசிங்காபுரத்து வெங்காரம்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் வாட்ஸப் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே வெள்ளைப் பொடி, மேலே போராக்ஸ் என்று கொட்டை எழுத்து. "மக ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தா. எறும்புக்கு நல்லதாம். என்னடி இது, புது மருந்தா?" என்று கேட்டிருந்தாள். கீழே ஆளுக்கொரு பதில். சோடா உப்பு என்றாள் ஒருத்தி. கேரம்போர்டு பவுடர் என்றாள் இன்னொருத்தி. படிகாரத்தைப் பொடித்து வெளிநாட்டுக்காரன் நமக்கே விற்கிறான் என்று ஒருத்தி பொங்கியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனில் எழுத்து தப்பும் தவறுமாக விழுந்தது. அடியே, அது வெங்காரம். நம் அம்மாக்கள் அடுப்படி மாடத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்த அதே வெங்காரம். உங்களுக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது என்று எழுதிவிட்டு, அப்புறம் அழித்துவிட்டு, சாவகாசமாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குக் கண்புரை, மீதிப் பேருக்குப் பொறுமை கிடையாது. இருந்தாலும் கடைசிவரை படியுங்கள். இதில் என் பெருமை இருக்கிறது. எனக்கு வரவேண்டிய பேரை ரொம்ப காலம் வேறொருத்தர் வாங்கிக்கொண்டு திரிந்தார்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். காரம் என்றால் நமக்கு மிளகாய். ஆனால் கடைத்தெருவில் காரம் என்றால் ஒரு பெரிய வெள்ளைக் குடும்பம். அப்பளத்துக்குப் போடுவது அப்பளக்காரம். சவரம் செய்த கன்னத்தில் தேய்ப்பது படிகாரம். அழுக்குத் துணிக்குப் போடுவது சோடாக்காரம். நகை ஆசாரி பற்றவைக்கும்போது வைத்து ஊதுவது வெங்காரம். எல்லாம் வெள்ளை, எல்லாம் தண்ணீரில் கரையும். தாளில் மடித்து வைத்துவிட்டால் எது எது என்று வாங்கியவளுக்கே தெரியாது.

நம் போடியில் ஏலம் என்ற சொல்லும் அப்படித்தான். மலையில் விளைவதும் ஏலம், ஊருக்குள் கூவி விற்பதும் ஏலம். ஏலத்தை ஏலம் விடுகிற ஊர்க்காரிகள் நாம். இந்த ஏலமும் அந்தக் காரமும் ஒரே வாக்கியத்தில் மாட்டிக்கொண்டதில்தான் என் அப்பா மலையை விட்டு இறங்க வேண்டிய நிலைமை வரப் பார்த்தது.

எங்கள் குடும்பம் ராசிங்காபுரத்தில் சோளமும் பருத்தியும் போட்ட குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவும் பெரியப்பாவும் ஒன்றாக இருந்தார்கள். பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் தான் சொல்லாத எதுவும் உலகத்தில் நடக்கக் கூடாது என்று நினைப்பவர். அப்பா அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்ட அப்பா ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுக்கப்போவதாகச் சொன்னார். பெரியப்பா கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மண்வெட்டி பிடிக்கிறவன் மலையேறி என்னத்தக் கிழிக்கப் போற?"

"ஒரு வருசம் பாக்குறேன்ணே."

"வருசமெல்லாம் கெடையாது. மொதப் பெரிய பறிப்பு வரைக்கும் பாரு. அந்தக் காயி ஏலத்துல வெல போயி நின்னுச்சுன்னா இரு. நிக்கலைன்னா மறு பேச்சுப் பேசாம இறங்கி வந்து பருத்தியப் பாரு. சரியா?"

அப்பா சரி என்று தலையாட்டினார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆறாம் வகுப்புப் படிக்கிறேன், எனக்கு எல்லாம் விளங்கியது. எனக்கு மலை வேண்டும். அப்பா தோட்டத்தை எடுத்த பிறகு, சட்டையில் ஏலக்காய் வாசத்தோடு இறங்கி வருவது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அதைவிடப் பிடித்தது, மலையிலிருந்து வரும்போது அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததுதான்.

அந்த ஆடியில் எனக்கு வாய்ப்புண். நாக்கு, உதட்டின் உள்பக்கம், கன்னம் எல்லாம் வெந்துபோயிருந்தது. ஆடிக்காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும்? மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும், இந்தப் பக்கம் நமக்கு வெறும் காற்று வந்து உதட்டை வெடிக்கவைக்கும். அம்மா போடியில் நாட்டுமருந்துக் கடையிலிருந்து வெங்காரம் வாங்கி வந்தாள். இரும்புக் கரண்டியில் ஒரு துண்டைப் போட்டு அடுப்பில் காட்டினாள்.

அதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் கல் வியர்த்ததுபோல் நனையும். அப்புறம் கொப்பளிக்கும். சலசலவென்று சத்தத்தோடு பொங்கி, கரண்டி கொள்ளாமல் வெள்ளையாக உப்பி நிற்கும். கையில் எடுத்தால் அரிசிப்பொரி மாதிரி எடையே இருக்காது. அதைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். முதலில் லேசான தித்திப்பு, பின்னாலேயே சவர்க்காரம் தின்ற மாதிரி ஒரு வழவழப்பு. வாய் நிறைய எச்சில் ஊறும்.

"துப்புடி, துப்பு. ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது" என்று அம்மா என் பிடரியைப் பிடித்துக் குனியவைப்பாள். இன்றைக்கு எந்த டாக்டரும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார், நீங்கள் யாரும் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து வைக்காதீர்கள். மிச்சத்தை அம்மா வெல்லப்பாகில் கலந்து சித்தெறும்பு வரிசையின் ஓரம் வைத்தாள். மறுநாள் அந்த இடத்தில் எறும்புகள் செத்துக் கிடந்தன. நாக்கில் தடவியதும் எறும்பைக் கொன்றதும் ஒரே பொட்டலம் என்பது எனக்குத் திகிலாக இருந்தது.

தடவியபோது நான் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அம்மாவைக் கடிக்கக்கூடப் போனேன். அப்பா அப்போது மலையிலிருந்து வந்திருந்தார். கரண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"எது வெங்காரம்னே தெரியலையே. கொஞ்சம் சூடு காட்டுனா ரெண்டும் பொங்குது."

அன்றிலிருந்து வீட்டுக்குள் அப்பா என்னை வெங்காரம் என்றுதான் கூப்பிட்டார். எனக்கு அடியோடு பிடிக்கவில்லை. வெளியில் யார் முன்னாலும் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று சண்டை போட்டுச் சத்தியம் வாங்கினேன். அவரும் கூப்பிடவில்லை.

அந்தப் பொட்டலத்தில் ஒரு துண்டு மட்டும் தனியாக இருந்தது. கொட்டைப்பாக்கு அளவு, பட்டை பட்டையாக ஓரம் வெட்டினமாதிரி, கண்ணாடியாகத் தெளிந்து இருந்தது. கற்கண்டு என்று சொன்னால் நம்பலாம். கையில் வைத்தால் கல்லுக்குரிய கனம் இல்லை. நகத்தால் அழுத்திக் கீறினால் கோடு விழுந்தது. அம்மாவிடம் கெஞ்சி வாங்கி ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன். புத்தகத்தின் மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்து அதன் வழியே தெரியும். உங்களில் சிலருக்குக் காட்டினேன், வைரம் என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள்.

ஆவணி முடிவதற்குள் அந்தக் கல் கெட்டுப்போனது. முதலில் மூலைகள் மங்கின. அப்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் தோல் படர்ந்து எழுத்து தெரியாமல் போனது. எங்கள் வீட்டில் தங்கிப் படித்த அத்தை மகன் ஒருவன் இருந்தான், என்னைவிட இரண்டு வகுப்பு மேலே. அவன்தான் என் வைரத்தை எடுத்துக்கொண்டு சாக்பீஸ் துண்டை வைத்துவிட்டான் என்று முடிவு செய்து, அவன் புத்தகப்பையைக் கிணற்றடியில் கொட்டினேன். அவன் எடுக்கவே இல்லை என்று அன்றும் சொன்னான், இன்றும் சொல்கிறான். இன்றும் எப்படிச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். அவனைத்தான் கட்டிக்கொண்டேன், இதோ பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார்.

கல்லை நம் அறிவியல் டீச்சரிடம் கொண்டுபோனேன். சிரிக்காமல் கையில் வாங்கிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். யாரும் மாற்றவில்லை என்றார். இந்தக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, நம் ஊர்க் காற்று அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டது, தண்ணீர் போனால் கல் வெளுத்து மாவாகும் என்றார். அன்றைக்குக் கரும்பலகையில் ஒரு ஏரி வரைந்தார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, நீங்கள் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வடக்கே லடாக்கிலும் திபெத்திலும் அப்படிப்பட்ட ஏரிகள் உண்டு என்றார். நாலுபக்கமும் மலை, தண்ணீர் வெளியேற வழி கிடையாது. பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்றுகள் பாறையில் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து அங்கே சேர்க்கும். வெயில் தண்ணீரைக் குடித்துவிடும். குடிக்க முடியாததெல்லாம் கரையில் பூக்கும், அடியில் கட்டிதட்டும். அடுத்த மழைக்குக் கொஞ்சம் கரையும், அடுத்த வெயிலுக்கு மறுபடி உறையும். இப்படியே காய்ந்து காய்ந்து படிந்ததுதான் வெங்காரம். அதை அங்குள்ளவர்கள் ஒரு காலத்தில் சின்னச் சின்னப் பைகளில் கட்டி, ஆட்டின் முதுகில் ஏற்றி மலை கடத்திக் கொண்டுவந்தார்கள் என்றார். எனக்கு அந்த ஆடுகள் எல்லாம் நேராகப் போடி நாட்டுமருந்துக் கடை வாசலில் வந்து நிற்பதாகத் தோன்றியது.

"நம்ம மலையில விளையாதா டீச்சர்?" என்று கேட்டேன். பொட்டிபுரத்துப் பக்கம் இருப்பதெல்லாம் கெட்டிப் பாறை, நம் தண்ணீரோ கொட்டக்குடி ஆற்றில் விழுந்து ஓடிவிடும், ஓடுகிற தண்ணீரில் வெங்காரம் தங்காது என்றார். அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

வீட்டில் போய்க் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னேன். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கல்லுக்குள்ள தண்ணியாம்ல! கெணத்துல தண்ணி இல்லேன்னா நாலு கல்லப் பிழிஞ்சுக்கிருவோம், என்ன ஆத்தா?" என்றார். வந்துபோகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது மடல் கொதித்தது.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. மலையில் அப்பாவின் முதல் பெரிய பறிப்பும் வந்தது. பெரியப்பா சொன்ன கெடு அதுதான். அப்பா ஜீப் டிரைவரிடம் சொல்லி அனுப்பினார், அண்ணன் வரும்போது ஏலத்துக்குக் காரம் ஒரு மூட்டை கொண்டுவரட்டும் என்று. பச்சை ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் முன் சோடாக்காரம் கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போடுவார்கள், காய்ந்த பிறகும் பச்சை நிறம் நிற்கும். நிறம்தான் ஏலத்தில் கண்ணுக்கு முதலில் படும். அப்பா கேட்டது அந்தக் காரம்.

பெரியப்பா போடிக் கடையில் இறங்கி, "ஏலத்துக்குக் காரம் ஒரு மூடை போடுப்பா" என்றார். கடைக்காரர் உள்ளே கையைக் காட்டினார், ஆள் தூக்கி ஜீப்பில் வைத்தான். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. அப்போது தோட்டக்காரர்கள் செடிக்குச் சத்துக் குறைந்தால் மண்ணில் துளி வெங்காரம் போடுவார்கள், அதிகமானால் செடி கருகிவிடும். ஏலத்துக்குக் காரம் என்றதும் ஏலச்செடிக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். சொன்னவரும் சரியாகத்தான் சொன்னார், கொடுத்தவரும் சரியாகத்தான் கொடுத்தார், மூட்டைதான் தப்பாக ஏறியது.

பெரியப்பா, அம்மா, நான், அத்தை மகன் நாலு பேரும் ஜீப்பில் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வரும் என்று அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து, முகர்ந்துகொண்டே வா என்றாள். போடி வெயில் பின்னால் கீழே போய்க்கொண்டே இருந்தது. மெட்டைத் தாண்டினதும் மலை மஞ்சு புகைபோல ஜீப்புக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மூச்சில் ஈர மண்ணும் ஏலச்செடியும் கலந்து வந்தன. பழத்தை அழுத்தி அழுத்தித் தோலில் நகத்தடமாகிவிட்டது, ஆனால் வாந்தி எடுக்கவில்லை.

ஏலக்காய் காயவைக்கிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பேர். ஒரு பக்கம் விறகு எரியும் சூளை, சுவரோரமாகச் சூடு போகும் தகரக் குழாய், மேலே அடுக்கடுக்காக வலைத்தட்டுகள். நாங்கள் போனபோது கழுவிய காய் தரையில் குவிந்து கிடந்தது. அன்றைக்கே சூட்டில் ஏற்றியாக வேண்டும், வைத்திருந்தால் புழுங்கிக் கெட்டுவிடும். ஸ்டோர்க்காரர் ரெண்டு தலைமுறையாகத் தோட்டத்திலேயே இருந்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். தொட்டியில் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தார். மூட்டையைப் பிரித்துச் சிரட்டையில் அள்ளினார்.

நான் கிட்டத்தில் நின்றேன். சிரட்டையில் இருந்தது மாவு இல்லை, பரல். சில பரல்கள் கண்ணாடியாக மின்னின. சாக்கின் ஓரத்தில் காற்றுப்பட்டவை வெளுத்துப்போயிருந்தன. ஒரு கட்டியை எடுத்தேன், கனமே இல்லை. நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. என் ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்த வைரத்தின் சொந்தபந்தமெல்லாம் மூட்டையாக வந்திருந்தது.

"அப்பா, இது சோடாக்காரம் இல்ல. வெங்காரம்."

ஸ்டோர்க்காரர் கை நின்றது. பெரியப்பா திரும்பினார்.

"ரெண்டும் காரந்தான கழுத. கடைக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரியுமாக்கும்? நீங்க போடுங்கண்ணே, வெரசா சோலியப் பாருங்க."

"போடாதீக! இதத் தின்னு எறும்பு செத்துச்சு பெரியப்பா. எனக்குத் தடவுறப்பகூட அம்மா துப்பச் சொல்லும். இதுல ஊறுன காயத் திங்கிறவுகளுக்கு என்னாகும்?"

"ஊறவச்சுக் கழுவித்தான காயப்போடப் போறாக. பச்சை நிக்கணும், அம்புட்டுத்தான்."

இப்போது யோசிக்கிறேன். பச்சை நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், வெங்காரமும் ஒரு காரம்தானே. யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எங்கோ ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் அந்தக் காய் மிதந்திருக்கும். அது தெரியாமல் பெரியப்பா சொன்னார், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தான் வாங்கிவந்த மூட்டை தப்பு என்று ஆகிவிடக் கூடாது.

அம்மா என் கையைக் கிள்ளி, வாயை மூடு என்றாள். அப்பா நடுவில் நின்றார். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நான், காலடியில் அவருடைய முதல் பறிப்பு. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அழுகையாக வராமல் கத்தலாக வந்தது. "நான் பொய் சொல்லல! பாருங்க!" என்று கத்திக்கொண்டே எலுமிச்சம்பழத்தைப் பல்லால் கடித்துப் பிளந்தேன்.

ஸ்டோரில் பழைய சோடாக்காரம் ஒரு தகரத்தின் அடியில் ஒட்டிக்கிடந்தது, தொட்டித் தண்ணீருக்குப் போதாது. அம்மா துணிக்கறைக்குச் செய்வதுபோல் அதன் மேல் சாறைப் பிழிந்தேன். சுர்ரென்று நுரைத்து ஏறியது. அடுத்து சிரட்டையில் இருந்ததன் மேல் பிழிந்தேன். சாறு இறங்கியது, ஒரு குமிழிகூட வரவில்லை.

"மொதத் தடவையே சாறு தீந்துபோச்சு. அதான் பொங்கல" என்றார் பெரியப்பா.

"அப்ப இது பொங்குறதப் பாருங்க" என்று ஸ்டோர்க்காரரின் இரும்புக் கரண்டியில் ஒரு கட்டியை வைத்து நீட்டினேன். அவர் என்னைச் சூளைப் பக்கம் விடவில்லை, "நீ அவிடத் தள்ளி நில்லு மோளே" என்று தானே வாங்கிக் கங்கின்மேல் பிடித்தார். கட்டி நனைந்தது, கொப்பளித்தது, சலசலவென்று உப்பிக் கரண்டிக்கு மேலே எழுந்தது. கரண்டியிலிருந்து ஆவி கிளம்பியது. அத்தை மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பெரியப்பா தன்னை மறந்து குனிந்து பார்த்தார்.

"கல்லுக்குள்ள தண்ணி, பெரியப்பா. அதான் போகுது" என்றேன்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்ததுதான். அதற்குப் பிறகு நடந்தது எனக்கும் புதிது. ஸ்டோர்க்காரர் கரண்டியை எடுக்காமல் ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருந்தார். கரண்டி சிவந்தது. உப்பி நின்ற பொரி மெல்ல அமுங்கியது, சுருங்கியது, உருகி ஒரே ஒரு சொட்டாகத் திரண்டது. வெளியே எடுத்து ஆறவைத்தபோது கரண்டிக் குழியில் ஒரு கண்ணாடி மணி உட்கார்ந்திருந்தது. இரும்பின் சாரம் ஏறி லேசான பச்சையாக, உள்ளே பார்க்கும்படி தெளிவாக இருந்தது. அவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணிய பொருளா இது என்று எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

அப்பா அந்தக் கரண்டியைக் கையில் வாங்கினார். மணியைப் பார்த்தார், குவிந்து கிடந்த காயைப் பார்த்தார்.

"அண்ணே, காரம் வேணாம். ஒண்ணும் போடாம சும்மாவே காயப்போடுவோம்."

"வெளுத்துப்போச்சுன்னா ஏலத்துல ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான் தம்பி. அப்புறம் நீ எறங்கித்தான் வரணும். பேச்சு பேச்சுத்தான்."

"வர்றேன்" என்றார் அப்பா.

அந்த ஒரு சொல்லில் எனக்கு எவ்வளவு பெருமையோ அவ்வளவு பயம். நான் சொன்னதை நம்பி அவர் மலையையே வைத்து விளையாடிவிட்டார். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள், வேலைக்காரர்கள் முன்னால் பெரியவரை எதிர்த்துப் பேசினேனாம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அண்ணனுக்குப் பயந்தவர் என்று மனசுக்குள் அவரைத் திட்டினேன். காரத்தை வேண்டாம் என்றதே அண்ணனை அவர் முதல்முறையாக மீறியது என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை. ஒரே நாளில் ஒரு ஆள் எத்தனை தடவைதான் மீறுவார்?

ஸ்டோர்க்காரர் அந்தக் காயைக் கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார். சூட்டைக் கூட்டாமல், விறகை ஒவ்வொன்றாகத் தள்ளி, மெதுவாகக் காயவைத்தார். எனக்கு வேறு வேலை இல்லை. மூட்டையிலிருந்து ஒரு பிடி வெங்காரம் கேட்டு வாங்கி, சட்டியில் வெந்நீர் ஊற்றிக் கரைத்தேன். துணியில் வடிகட்டி, நூலில் ஒரு பரலைக் கட்டி உள்ளே தொங்கவிட்டு ஆறவைத்தேன். டீச்சர் வரைந்த ஏரியைச் சட்டிக்குள் கொண்டுவரப் பார்த்தேன். மறுநாள் காலையில் நூல் முழுக்கப் படிகம் காய்த்துத் தொங்கியது. ஒவ்வொன்றும் பட்டை பட்டையாக, கெட்டுப்போகும் முன் என் வைரம் இருந்தது போலவே இருந்தது.

அப்பா வந்து என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். நூலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறுந் தண்ணியாத்தான இருந்துச்சு. இம்புட்டும் அதுக்குள்ளயா கெடந்துச்சு?"

"ஆமாப்பா. ஆறவிட்டாத்தான் வரும்."

"ம்ம்" என்றார். அப்புறமும் வெகுநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த நூலும் இப்போது இல்லை, கண்ணாடி மணியும் இல்லை. பாவாடை முடிச்சில் கட்டிவைத்திருந்த மணி மலை ஈரத்தில் பூத்து மங்கி, எங்கோ விழுந்து தொலைந்தது. அந்த 'ம்ம்' மட்டும் காதில் இருக்கிறது.

ஏலத்துக்கு நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றார் பெரியப்பா. அப்பா என்னைத் தூக்கி மூட்டைகளுக்கு நடுவில் ஜீப்பில் உட்காரவைத்துவிட்டார். போடியில் ஏலக்கூடம் இருக்கும் தெருவுக்குள் நுழையும்போதே மூக்கு நிறைந்துவிடும், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டைகள், துண்டுகள், சாம்பிள் காயைக் கொட்டிப் பரப்பிய தட்டுகள். எங்கள் காய் மற்றவர்கள் காய்க்குப் பக்கத்தில் ஒரு மாற்றுக் குறைந்த பச்சையாக இருந்தது.

ஒரு பெரிய வியாபாரி எங்கள் தட்டுக்கு வந்தார். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஒரு காயை உடைத்து முகர்ந்தார். உள்ளிருந்த ஏல அரிசியை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றையும் உடைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காரம் போடாத காயா?"

"ஆமாங்க" என்றார் அப்பா.

"நெறம் கம்மி. ஆனா வாசம் நிக்கிதுய்யா. சுத்தமான காயி. எடுத்துக்கிறேன்." அவர் எடுத்ததும் இன்னும் இரண்டு பேர் கிட்டே வந்து உடைத்து முகர்ந்தார்கள். காய் நின்றது. அப்பா மலையில் இருப்பார். எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

குதிப்பதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். வியாபாரிகளைச் சுற்றி நிற்கவைத்துக்கொண்டு கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "மூடையப் பிரிச்சதுமே எனக்குச் சந்தேகம். கடைக்காரன் தப்பா வெங்காரத்தக் குடுத்துப்புட்டான். ஒரு எலுமிச்சம்பழத்தக் கொண்டாரச் சொன்னேன். புழிஞ்சேன் பாருங்க, ஒரு பொட்டு நுரை இல்ல. கரண்டில வச்சுச் சுட்டுப் பாத்தேன். கல்லுக்குள்ள தண்ணிங்க! பொங்கிருச்சு. தம்பி, காரமே வேணாம்டான்னு நாந்தான் சொன்னேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அனுபவம் என்றால் அனுபவம்தான் என்றார் ஒருவர். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. என் எலுமிச்சம்பழம், என் கரண்டி, கல்லுக்குள் தண்ணீர் என்று நான் சொன்னபோது சிரித்த அதே வாய். அந்தக் கூட்டத்தில் நடுவில் போய் நின்று பொய் என்று கத்தப்போனேன். வாயைத் திறந்துவிட்டேன்.

"இது என்னய்யா மார்க்கு?" என்று வியாபாரி கேட்டது அப்போதுதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்காரரும் மூட்டையில் ஒரு அடையாளம் போடுவது வழக்கம். எங்கள் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன். ஜீப்பில் அதன்மேலேயே உட்கார்ந்து வந்தும் நான் கவனிக்கவில்லை. ஒவ்வொரு சாக்கின் வயிற்றிலும் பச்சைப் பெயிண்டில் பெரிதாக ஒற்றை எழுத்து. வெ.

"வெற்றிவேலுங்க! முருகன் துணைன்னு தம்பி போட்டுருக்கான். நாஞ்சொல்லித்தான்" என்றார் பெரியப்பா.

அப்பா என் பக்கத்தில் குனிந்து ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. சத்தியம் செய்த பிறகு வீட்டுக்கு வெளியே ஒரு தடவையும் சொல்லாததை, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"ஏய் வெங்காரம். பொங்குனது போதும். எழுத்து நல்லா வந்திருக்கான்னு பாரு."

பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு கோபமும் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்பாவின் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அந்தத் தோட்டத்தைப் பார்த்த காலம் வரைக்கும் மார்க்கை மாற்றவில்லை. பெரியப்பா தன் கடைசிக் காலம் வரைக்கும் அதை வெற்றிவேல் என்றே எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. என் பேர் பச்சை எழுத்தில் மூட்டை மூட்டையாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது, மறுக்க எனக்கென்ன பைத்தியமா?